அவர்கள் இருவர் மட்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தக்கலையில் எங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடம் முழுக்கத் தெரியும். கீழே பெயிண்ட் கடை, அதற்கு மேலே டியூஷன் சென்டர், அதற்கும் மேலே நாங்கள். நாங்கள் என்றால் இரண்டே பேர். நானும், பொறியியல் கல்லூரியில் என்னோடு படித்த கூட்டாளியும். இருவரும் திருவனந்தபுரத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தோம். காலையிலும் மாலையிலும் களியக்காவிளை நெரிசலில் பஸ்ஸுக்குள் வெந்தது போதும் என்று ஒருநாள் தோன்றியது. திரும்பி வந்து இந்த மென்பொருள் கடையைப் போட்டோம். கம்பெனி என்று சொல்லவேண்டும் என்பது கூட்டாளியின் ஆசை. இரண்டு மேஜையும் ஒரு மின்விசிறியும் உள்ள இடத்தைக் கடை என்று சொல்வதே அதிகம் என்பது என் கட்சி.

அந்தக் கடையில் உட்கார்ந்து நான் எழுதிய ஒரு கேள்வியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை எங்கள் தொழிலில் குவெரி என்போம். நான் எழுதியது எட்டு வரி. எழுதி முடித்ததும் எழுந்து சோம்பல் முறித்து, கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

வேலை தந்தது கருங்கல் பக்கத்தில் ஒரு பாலியேட்டிவ் சேவை. குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்து, வலியைக் குறைத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, கூட இருப்பவர்களுக்கும் தைரியம் சொல்கிறவர்கள். ஸ்கூட்டரில் போகும் சில நர்சுகள், வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு டாக்டர், பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்று வந்த ஒரு செயலாளர். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது கத்தாரிலோ துபாயிலோ இருப்பார்கள். அம்மாவுக்கு இன்று எப்படி இருக்கிறது என்று அங்கிருந்து ஒவ்வொருவரும் கூப்பிட்டால் நர்ஸ் எப்போது வேலை செய்வது? அதனால் நோயாளி, பிள்ளைகள், நர்ஸ் எல்லோரும் செய்தி எழுதிப் பேசிக்கொள்ள ஒரு வெப் ஆப் கேட்டார்கள்.

செயலாளர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வழி வேணும் பிள்ளே. வீட்டுல எல்லாரும் சேந்து பேசப்பட்ட வழி ஒண்ணு. நோயாளி அறியாம மக்கமாருட்ட மட்டும் பேசப்பட்ட வழி ஒண்ணு. ரெண்டாவதுதான் முக்கியம், கேட்டியா?"

எனக்கு அதில் எந்த விசித்திரமும் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் முதலில் மகனுக்குத் தெரியும், பிறகு மருமகளுக்கு, பிறகு மருமகளின் அம்மா வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும் கூட்டத்துக்குத் தெரியும். மீன் கொண்டுவரும் அக்காவுக்குத் தெரியும். நோயாளிக்கு மட்டும் கட்டி, புண், வாயு என்று ஏதாவது ஒன்று. என் அப்பாவுக்கு அல்சர். ஏழு மாதம் அல்சர். "எனக்கு என்னதாம்ட்டி?" என்று அவர் ஒரே ஒருமுறை என்னிடம் கேட்டார். அல்சர் என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதற்காக நான் அப்போது வருத்தப்படவும் இல்லை. அன்பாக இருப்பது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். செயலாளர் கேட்ட இரண்டாவது வழியையும் அதே நினைப்போடுதான் கட்டினேன்.

கட்டியது எப்படி என்று கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு ஆள் பல உரையாடல்களில் இருப்பார். ஒரு உரையாடலில் பல ஆட்கள் இருப்பார்கள். இதை டேட்டாபேஸில் வைக்க மூன்று டேபிள் வேண்டும். ஒன்றில் ஆட்கள், ஒன்றில் உரையாடல்கள், நடுவில் ஒன்று. அந்த நடு டேபிளில் இந்த உரையாடலில் இந்த ஆள் என்று வரிக்கு இரண்டு எண்கள் இருக்கும், வேறொன்றும் கிடையாது. பார்த்தால் ஒன்றுமில்லாத டேபிள். ஆனால் யார் எதைப் படிக்கலாம் என்பது முழுக்க அதன் கையில் இருக்கிறது. அதில் ஒருவருக்கு ஒரு வரி இருந்தால் செய்தி அவருக்கும் போகும். இல்லாவிட்டால் போகாது.

நர்ஸ் தன் திரையில் மகனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'தனியாகப் பேச' என்ற பட்டனை அழுத்துவார். இவர்கள் இருவருக்கும் ஏற்கெனவே ஓர் உரையாடல் இருக்கிறதா என்று என் குவெரி தேடும். இருந்தால் அதைத் திறக்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைத் தொடங்கும். தேடும் விதம் இதுதான்: நடு டேபிளில் நர்சின் எண்ணும் மகனின் எண்ணும் உள்ள வரிகளை மட்டும் எடு, உரையாடல்வாரியாக எண்ணு, எதில் இரண்டு வருகிறதோ அதைக் கொடு. நானும் கூட்டாளியும் எங்களுக்குள் பத்துப் பதினைந்து செய்தி அனுப்பிச் சோதித்தோம். அருமையாக ஓடியது. ஓடாதா பின்னே? அந்த டேபிளில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆப் ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கிருந்து ஒரு நர்ஸ் அழைத்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்று அவருக்கு மூச்சு வாங்கியது.

"பிள்ளே, மொவனுக்குத் தனியா அனுப்புனது அம்மைக்கும் போயிருக்கு. லிஸ்டுக்கு வெளிய வந்து பாத்தா அதுல மூணு பேரு காட்டுது. ஐயோ, நான் என்ன செய்ய?"

அந்த அம்மா கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. ஒரே மகன், கத்தாரில் ஏசி மெக்கானிக். சேவையில் பெயர் பதிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வயிற்றில் கட்டி, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் போடும் ஊசியில் கரைந்துவிடும் என்று மகன் அவரிடம் சொல்லிவைத்திருந்தான். அன்று காலை நர்ஸ் மகனைப் போனில் பிடிக்கப் பார்த்திருக்கிறார். அவன் வேலையில் இருந்தான், எடுக்கவில்லை. அதனால் 'தனியாகப் பேச' பட்டனை அழுத்தி எழுதிவிட்டார்.

அவர் எழுதியது இது: "திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. இனிமேல் போடும் ஊசி குணமாக்குவதற்கு இல்லை. கொஞ்ச நாள் கூட்டித் தரலாம், தராமலும் போகலாம். திங்கட்கிழமை ஊசிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்."

நான் திரையைத் திறந்து பார்த்தேன். அந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே உரையாடல், அதில் நர்ஸ், மகன், அம்மா மூவரும் இருந்தார்கள். தனி உரையாடல் இன்னும் தொடங்கவே இல்லை. என் குவெரி போய்ப் பார்த்தது, நர்ஸ் இருக்கிறார், மகன் இருக்கிறான், இரண்டு வந்துவிட்டது, இதுதான் என்று எடுத்துக் கொடுத்துவிட்டது. மேலே தலைப்பிலாவது மூன்று பெயரைக் காட்டியிருந்தால் நர்ஸ் சுதாரித்திருப்பார். அழுத்திய பெயரை மட்டும் காட்டும்படி அழகு பார்த்துச் செய்திருந்ததும் நான்தான்.

அம்மா அதை இன்னும் திறந்து படிக்கவில்லை என்று திரை காட்டியது.

"அழிச்சிரு பிள்ளே," என்றார் நர்ஸ். "அவிய காணதுக்கு மின்ன அழிச்சிரு."

அழித்தேன். எங்கள் ஆப்பில் அழிப்பது என்றால் சுத்தமாகத் துடைப்பது இல்லை. செய்தியின் மேல் 'அழிந்தது' என்று ஒரு குறி விழும், அதன்பிறகு யாருடைய திரையிலும் வராது. எல்லாம் இரண்டே நிமிட வேலை. சற்று நேரத்தில் கத்தாரிலிருந்து மகனும் கூப்பிட்டான். நர்ஸ் சொல்லியிருக்கிறார். "மேடம், நீங்க செஞ்சது பெரிய உபகாரம்" என்றான். நான் செய்த தப்புக்கு என்னிடமே நன்றி சொல்கிறான் என்பது என்னவோபோல் இருந்தது.

உட்கார்ந்து குவெரியைச் சரிசெய்யத் தொடங்கினேன். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிறவனிடம், 'இந்த ரெண்டு பேரை மட்டும் பாரு, வேற யாரையும் பாக்காதே, எத்தனை பேர் வந்திருக்காங்க?' என்று கேட்டால் இரண்டு என்றுதான் சொல்வான். உள்ளே ஐந்நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவனுக்கு இரண்டுதான். நான் கேட்டதும் அதைத்தான். முதலிலேயே இரண்டு பேரின் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டதால், அம்மாவின் வரி டேபிளில் இருந்தும் எண்ணிக்கைக்கு வரவில்லை. அவர்கள் இருக்கிற உரையாடல் வேறு, அவர்கள் மட்டும் இருக்கிற உரையாடல் வேறு. முதலில் மண்டபம் முழுவதையும் எண்ணவேண்டும். மொத்தம் இரண்டு பேர்தான் என்று ஆனபிறகு, அந்த இரண்டும் இவர்கள்தானா என்று பார்க்கவேண்டும். இதைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை கேட்டிருந்தால் பெரிய இவள் மாதிரி விளக்கியிருப்பேன்.

மாற்றி எழுதினேன். இந்தமுறை டேபிளில் இருபது பொய் ஆட்களை உண்டாக்கி, இருவர், மூவர், நால்வர் என்று உரையாடல்களைப் போட்டு, ஒவ்வொரு ஜோடியாகக் கேட்டுப் பார்த்தேன். தலைப்பில் உள்ளே இருக்கும் எல்லோர் பெயரும் கொட்டை எழுத்தில் வரும்படி செய்தேன். பழைய செய்திகளையும் தோண்டினேன். வேறு மூன்று வீடுகளிலும் இப்படி நடந்திருந்தது. நல்லவேளையாக மாத்திரை மாற்றியது, கட்டுப் போட நாளை வருவது என்றுதான் அவற்றில் இருந்தன. எதையும் மறைக்காமல் செயலாளருக்கு எழுதி அனுப்பினேன். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே கிடந்தது. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றரைக்கு அலுவலகப் போன் அடித்தது. ஆப்பின் அடியில் 'உதவிக்கு' என்று நாங்கள் போட்டிருந்த எண் அது. ஒரு பெண் குரல். பின்னால் சந்தைச் சத்தம்.

"மோளே, போன்ல இந்த மெசேஜ் வரப்பட்ட ஆப்பீசு இதுதானா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"காலைல எனக்கொரு மெசேஜ் வந்துச்சு. வண்டியிலேருந்து குலை இறக்கப்பட்ட நேரம், கை ஒழியல்ல. பொறவு தொறந்து பாத்தா ஒண்ணையும் காணல்ல. அது எங்க போச்சு?"

பெயரைக் கேட்காமலே யார் என்று தெரிந்துவிட்டது.

"அது தப்பா வந்ததும்மா. வேற ஆளுக்குப் போகவேண்டியது. அதனால எடுத்துட்டோம்."

"ஆருக்குப் போவ வேண்டியது?"

நர்சுகளுக்குள் அனுப்பியது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஏனோ அந்தக் குரலிடம் முடியவில்லை.

"உங்க மகனுக்கு."

"என்னப் பத்தியா?"

என் பதிலுக்கு நிற்காமல், குரலை உயர்த்தாமல் அவரே சொன்னார்.

"மோளே, நான் தொறக்கதுக்கு மின்னயே திரையில ஒரு வரி வந்து நின்னுச்சு. திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னத அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு. நான் அத ரெண்டு தடவ வாசிச்சேன். எனக்க தேகத்தப் பத்தி எனக்க மொவனுக்கு வந்தது எனக்கும் வந்தா, அது எப்பிடித் தப்பாவும்?"

சர்வரில் அழித்தால், போனின் முகப்பில் ஏற்கெனவே வந்து நின்ற வரி அழியாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பதற்றத்தில் மறந்துவிட்டேன். அந்தச் செய்தியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் அழித்து, உன்னிடம் ஒன்றை மறைக்கிறார்கள் என்ற வரியை மட்டும் நான் அவர் கையில் விட்டிருந்தேன். அதை மடியில் முடிந்துவைத்துக்கொண்டு அவர் நான்கு மணி நேரம் வியாபாரம் பார்த்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"திங்கக்கிழம ஊசிக்குக் கார் சொல்லி வச்சிருக்கு," என்றார் அவர். "போன தடவ போட்டுட்டு வந்து பத்து நாளு கட்டில்ல கெடந்தேன். சர்த்தி, வயித்துல ஒண்ணும் நிக்கல்ல, தலசுத்து. எழும்பி முற்றத்துக்கு வர ஒக்கல்ல. கட்டி கரையும்னா கெடக்கலாம், எனக்கு ஒரு பராதியும் இல்ல. கரையாதுன்னா நான் என்னதுக்குக் கெடக்கணும்? இந்தக் கடையில வந்து இருந்துக்கிடுவேன்லா? திங்கக்கிழமைக்கு மின்ன எனக்குத் தெரியணும். நீ சொல்லுவியா?"

"நான் டாக்டர் இல்லம்மா. நான் சொல்லக்கூடாது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. "ஆனா சொல்லவேண்டிய ஆளை நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்ல வைக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பம் வைக்கேன். ஆளு நிக்கி," என்றார். போனை வைப்பதற்குள், செந்துளுவன் குலை இருக்கா என்று யாரோ கேட்பது எனக்கும் கேட்டது.

அப்பா என்னிடம் ஒருமுறைதான் கேட்டார். இந்த அம்மா எண்ணைத் தேடிப் பிடித்து, முகம் தெரியாத ஒருத்தியிடம், கடையில் ஆள் நிற்கும்போது கேட்கிறார். அப்பா மறுபடியும் கேட்காததற்கு அவர் நம்பியதுதான் காரணம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நம்பியிருக்கமாட்டார். பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவி வெளியே வந்தபோது கோபம் வந்திருந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"ஏட்டி, உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? நமக்க வேல குவெரி எழுதப்பட்டது. எழுதியாச்சு. அந்த வீட்டுக் காரியத்துல நீ என்னதுக்குத் தலையிடுக? இருக்க ஒரு நல்ல கஸ்டமரையும் விரட்டிருவ."

"ஏலே, சத்தியம் பண்ணியாச்சு."

"ஆரக் கேட்டுப் பண்ணுன?"

செயலாளருக்குப் போன் போட்டு, அம்மா கேட்டதைச் சொன்னேன். அது குடும்பத்துக்க காரியம் பிள்ளே, நாம அதுல போவாண்டாம் என்றார். "சார், அந்தக் குடும்பத்துல அவங்களும் ஒரு ஆளுதானே?" என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பிறகு, சேவையின் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆறு மணிக்கு நர்ஸ்தான் கூப்பிட்டார். நோயாளியே நேரடியாகக் கேட்டபிறகு மறைப்பது சரியில்லை, மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். "இருவது வீட்டுல இருவது பொய்யி சொல்லிக்கிட்டு நடக்கேன் பிள்ளே. எந்த வீட்டுல எதச் சொன்னேன்னு எனக்கே ஓர்ம இல்ல" என்றார். மகனிடம் பேசுவதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சத்தியம் பண்ணியது நான்தானே.

கத்தாரில் வேலை முடியும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, அம்மாவே கேட்டுவிட்டார், இனி அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன். காலையில் உபகாரம் என்று சொன்ன அதே குரல்.

"அதக் கேக்க நீங்க யாரு மேடம்? உங்களுக்கு ஆப் செய்யத்தான சொன்னாங்க? இத அறிஞ்சா அம்மை ஒடிஞ்சு போவும்."

"உங்க அம்மா வண்டியிலிருந்து குலை இறக்கிட்டு நின்னாங்க. ஒடியற மாதிரி எனக்குத் தெரியல."

போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன். வைத்துவிட்டான். அம்மா என்னிடம் கேட்டதை, கட்டில், சர்த்தி, கடை எல்லாவற்றோடும், ஒரு சொல் மாற்றாமல் எழுதி அனுப்பினேன். கால்மணி நேரம் விட்டு மூன்றாவது முறை கூப்பிட்டேன். எடுத்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏப்ரல்லதான் லீவு சொல்லியிருக்கு," என்றான் கடைசியில். "அதுக்கு மின்ன கேட்டா கிட்டுமோ என்னமோ. இப்பம் சொன்னா, அம்மை அந்த வீட்டுல தனியா இருந்து அத நெனச்சுக்கிட்டே கெடக்கும். நான் வந்து பக்கத்துல இருந்து சொல்லலாம்னுதான் வச்சிருந்தேன். சத்தியமா அதுக்குத்தான்."

அவனோடு சண்டை போட எனக்கு அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் அம்மா முடிவு செய்யவேண்டும், ஏப்ரல் வரை அது நிற்காது என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. காலையில் அவனே அம்மாவுக்குச் சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தேன். பத்து ஆயிற்று. பத்தரை. கீழே நாகர்கோவில் பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் போன் அடிப்பதாகத் தோன்றியது. கூட்டாளி ஒரு டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பன்னிரண்டு ஆனால் நானே கருங்கலுக்குக் கிளம்பிவிடுவது என்று வண்டிச் சாவியை எடுத்து வெளியே வைத்திருந்தேன். பதினொன்றேகாலுக்கு மகன் கூப்பிட்டான்.

"மேடம், அம்மையக் கூப்பிட்டேன். 'சாப்பிட்டியா மக்களே'ன்னு கேட்டுச்சு. சாப்பிட்டேன்னு சொல்லி வச்சிட்டேன். பொறவு எழுதிப் பாத்தேன். எழுதுகேன், அழிக்கேன், எழுதுகேன், அழிக்கேன். எனக்கு வரல்ல மேடம்." பிறகு கேட்டான், "நீங்க நேத்து அழிச்சது உண்டுல்லா? அத அப்பிடியே திருப்பிப் போடுவியளா?"

அது நர்ஸ் எழுதியது. அவரைக் கேட்காமல் போட எனக்கு மனம் இல்லை. கூப்பிட்டேன்.

"போடு பிள்ளே," என்றார் உடனே. "ஆனா நான் அங்க போய்ச் சேந்த பொறவு போடு. ஒத்தைக்கு இருந்து அவிய அத வாசிக்காண்டாம்."

இருபது நிமிடத்தில் சந்தையிலிருந்து கூப்பிட்டார். "கடை முன்னால நிக்கேன்," என்றார். அழிந்தது என்ற குறியை எடுக்க ஒரே ஒரு வரிதான். அதை எழுதிவிட்டு, உரையாடலின் எண் சரிதானா என்று மூன்று முறை பார்த்தேன். நடு டேபிளில் அந்த எண்ணுக்கு நேரே மூன்று வரி: நர்ஸ், மகன், அம்மா. பட்டனை அழுத்தினேன்.

நர்ஸ் போனை வைக்கவே இல்லை. குலைகளைத் தள்ளிவைத்து ஸ்டூல் போடும் சத்தம் கேட்டது. கண்ணாடி எங்கே என்று அந்த அம்மா யாரிடமோ கேட்டார். பிறகு சந்தை இரைச்சல் மட்டும்தான். கூட்டாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். "அப்பம் ஊசிக்கு இது கரையாது, இல்லியா?" என்று அவர் கேட்பது கேட்டது. "கரையாதும்மா," என்றார் நர்ஸ். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

"பதில் எழுதுகாங்க," என்று நர்ஸ் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒத்த விரல்ல குத்தி எழுதுகாங்க. நான் எழுதட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க."

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "அந்தப் பிள்ளைக்கும் வாசிச்சுக் காட்டு" என்று அந்த அம்மா சொன்னார். நர்ஸ் வாசித்தார்.

"திங்கக்கிழமை கார் வேண்டாம். மக்களே, நீ இப்போ வா. பிறகு வராண்டாம்."